30-க்கு முன்னால் 60 செ.மீ. நனைகிறது: பழைய வேர்த்துளையா, மூடிய குழியா?

தக்காளிப் பாத்தியில் 10, 30, 60 செ.மீ. ஆழங்களில் கெபாசிடன்ஸ் ஈரப்பத சென்சார் வைத்திருக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் முதலில் 10 ஏறுகிறது, அடுத்து 60. நடுவில் உள்ள 30 மணிக்கணக்கில் அசைவதே இல்லை.

மண் களிப்பாங்கானது. போன போகம் துவரை. அறுத்த பிறகு கட்டையைப் பிடுங்கவில்லை, உழவும் இல்லை. ஆணிவேர்கள் மக்கிப்போய், கட்டையை ஆட்டினால் கையோடு வருகிறது. அடியில் பென்சில் பருமனுக்குத் துளை, உட்சுவரில் கருத்த மக்கு. சென்சார்களைக் குழி வெட்டி அதன் சுவரில் பக்கவாட்டில் குத்தி, வயரை மேலே எடுத்துக் குழியை மூடியிருக்கிறது.

30, 60 இரண்டையும் இடம் மாற்றியாயிற்று. அதே வரிசைதான், ஆகவே சென்சார் கோளாறு இல்லை. வயரைச் சுற்றி அதே மண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றியும் மாற்றமில்லை. மேலே வெடிப்பு கிடையாது, அவ்வளவு காயவிடுவதில்லை. மணிக்கு 2 லிட்டர் சொட்டுநீரில் மட்டும் 10, 30, 60 என ஒழுங்காக ஏறுகிறது. பெரிய துளைக்குள் தண்ணீர் இறங்க மேல்மண் கிட்டத்தட்ட நிறைந்திருக்க வேண்டும், அதனால் வேர்த்துளை என்று சொல்லத் தோன்றும். ஆனால் சரியாக இறுகாத குழியும் தேங்கிய நீரில் இப்படித்தான் ஒழுகும். இந்தச் சோதனை இரண்டையும் பிரிக்காது. சாயம் ஊற்றி வெட்டிப் பார்க்கலாம்தான், காய் பிடிக்கும் நேரத்தில் பாத்தியைக் கிளற முடியாது.

பயிரைத் தொடாமல், தண்ணீர் வேர்த்துளை வழியாக இறங்குகிறதா, குழி வழியாகவா என்று பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?