மனச்சோர்வுள்ள நாயகி, அவளைக் காதலிப்பவன்: கதை எங்கே பொய்யாகிறது?

கேள்வி (குறுநாவல்காரர்):
களம் கோத்தகிரி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை எழுதும் பெண், வயது 28. ஜூன் மூடுபனியோடு அவளுக்கு மனச்சோர்வு தொடங்குகிறது. இலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர் அவளைக் காதலிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் வெயில் வருகிறது, அவள் சிரிக்கிறாள். படித்த இருவருமே "நம்ப முடியலை" என்கிறார்கள். காதலை எடுக்க மனமில்லை. எங்கே திருத்துவது?

கேத்தி:
முதலில் மூடுபனியை விடுங்க. கோத்தகிரிக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான்; ஜூனில் கொட்டுவது கூடலூர், தேவாலா பக்கம். குளிர்காலச் சோர்வு என்பது பகல் வெகுவாகச் சுருங்கும் வடநாடுகளின் சங்கதி. நீலகிரியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரமே வித்தியாசம். மலைக்காரிக்கு மூடுபனி என்றால் துணி காயாது, அவ்வளவுதான்.

நோயை அவள் வேலையில் காட்டுங்க. எடையைப் பார்க்கிறாள், எழுதுவதற்குள் எண் மறக்கிறது, திரும்பத் தராசைப் பார்க்கிறாள். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமில்லை. பிடித்த குழம்பும் ருசிக்கவில்லை. இப்படி இரண்டு வாரமாவது, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி நீடித்தால்தான் மருத்துவர் அதை மனச்சோர்வு என்பார். அவள் வாயில் அந்தச் சொல்லே வரக்கூடாது. "தலை பாரமா இருக்கு, உடம்புக்கு முடியலை" என்பாள். எழுத்தாளர்கள் நாயகியை அழவைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அழக்கூட முடியாத மரத்துப்போன நிலைதான் பலருக்குக் கொடுமை.

மருந்துப்பெட்டி:
காதல் இருக்கட்டும், அது மருந்தாக மட்டும் வேண்டாம். அவன் அன்பைக் காட்டும்போது அவளுக்கு மகிழ்ச்சி வராது, குற்ற உணர்ச்சிதான் வரும்: "இவ்வளவு நல்லவன், எனக்கு ஒன்றும் தோணலையே." உங்கள் கதையின் உண்மையான காதல் காட்சி அதுதான்.

"மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று அவன் ஒருமுறை சொல்லட்டும், அது அவளைப் புண்படுத்தட்டும். பிறகு பேச்சைக் குறைத்து, ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் பஸ்ஸில் கூட வரட்டும். மாத்திரை அன்றே வேலை செய்யாது. முதல் வாரம் குமட்டல்தான் வரலாம், பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம்.

குறிஞ்சி12:
"வாழ்வதற்கு என்ன இருக்கிறது" என்று அவள் கேட்கும் இடத்தில் யாரையும் பிரசங்கம் செய்யவிடாதீர்கள். நோயின் நடுவில் காரணங்கள் காதில் ஏறாது. விருப்பம் வந்தபின் செயல் என்பதைத் திருப்பிப் போட்டு, சிறு செயல் முதலில் என்பதே சிகிச்சையில் ஒரு முறை: காலையில் முகம் கழுவுவது, வாசல் வரை நடப்பது, தினமும் அதே நேரத்தில்.

சாக நினைக்கும் காட்சி இருந்தால் வழிமுறையை எழுதாதீர்கள், சாவை விடுதலை என்றும் காட்டாதீர்கள். மொசார்ட்டின் 1791 இசை நாடகத்தில் பாப்பகெனோ காதல் போனதென்று சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் தடுத்து, கையிலுள்ள மாய மணிகளை ஒலிக்கச் சொல்லி நினைவூட்டுகிறார்கள். மீண்டுவந்தவர்களின் கதைகள் படிப்பவரைக் காக்கும் விளைவுக்கு 2010-இல் ஆய்வாளர்கள் அவன் பெயரையே வைத்தார்கள். கதை 2022 அக்டோபருக்குப் பிந்தையது என்றால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416 அவள் கைபேசியில் இருக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

கேள்வி (குறுநாவல்காரர்):
அப்படியானால் முடிவு எந்த மாதம்?

மருந்துப்பெட்டி:
அக்டோபர் மழையில் தொடங்கட்டும். டிசம்பர் தொடக்கத்தில் மருத்துவமனை. ஜனவரிக் கடைசியில் ஒருநாள் எடையை ஒரே பார்வையில் எழுதிவிடுகிறாள். அதை அவள் கவனிக்காமல் ஓட்டுநர் கவனிப்பது அழகாக இருக்கும். நலமானபின்னும் 6 முதல் 9 மாதம் மாத்திரை தொடரும் என்பதால், கடைசிக் காட்சியிலும் மாத்திரை அட்டை அலமாரியில் கிடக்கட்டும்.