2026 ஆகஸ்ட் 15 சனி, 16 ஞாயிறு: ஒரு பூசை போதுமா, இரண்டு காண வேண்டுமா?

கலங்கரை:
2026-ல் மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா சனிக்கிழமை வருகிறது, மறுநாள் ஞாயிறு. கத்தோலிக்கர்களுக்கு இரண்டுமே கடன் நாள்கள், அதாவது திருப்பலி (பூசை) கட்டாயம் காண வேண்டிய நாள்கள். சனி மாலைத் திருப்பலி ஒன்றைக் கண்டால் இரண்டு கடனும் தீர்ந்துவிடும் என்பது என் நிலைப்பாடு. திருச்சபைச் சட்டம் 1248 கேட்பது 'அந்த நாளிலோ, முந்தின நாள் மாலையிலோ' திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்பதை மட்டும்தான். சனி மாலைப் பூசை பெருவிழா நாளுக்குள் நடக்கிறது. ஞாயிறுக்கு முந்தின மாலையும் அதுதான். இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும்போது இரண்டாவது பூசை எதற்கு? போதாததற்கு, அமெரிக்காவில் 2026 ஆகஸ்ட் 15 அன்று கடனே கிடையாது. அவர்களுக்கு இல்லாத கட்டாயம் நமக்கு மட்டும் ஏன்?

மணிக்கூண்டு:
சகோதரரே, உங்கள் நேரக் கணக்கு சரி, முடிவு தவறு. ஞாயிறு ஒரு கடன், பெருவிழா இன்னொரு கடன். இரண்டு மாதத் தவணையை ஒரே நாளில் போய்க் கட்டலாம். ஆனால் ஒரு தவணைப் பணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு ரசீது கேட்க முடியாது. 1248 சொல்வது கடனை எப்போது, எங்கே தீர்க்கலாம் என்பதை. கடன் எத்தனை என்பதை 1246, 1247 சொல்லிவிட்டன.

கணக்கு இதுதான். பெருவிழாக் கடனைத் தீர்க்க வெள்ளி மாலை முதல் சனி நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. ஞாயிறு கடனுக்கு சனி மாலை முதல் ஞாயிறு நள்ளிரவு வரை. வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் போகலாம். சனி காலையும் சனி மாலையும் போகலாம். வெள்ளி மாலையும் சனி மாலையும் போனால் ஞாயிறு முழுக்கப் பயணத்துக்குக் கிடைக்கும். சனி மாலை 5 மணிக்கு ஒரு கோவிலிலும் 7 மணிக்கு இன்னொரு கோவிலிலும் பூசை கண்டால்கூட இரண்டும் தீரும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு திருப்பலி.

அமெரிக்க விதி அந்த நாட்டு ஆயர் பேரவை 1991-ல் எடுத்த முடிவு. ஜனவரி 1, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 ஆகியவை சனியிலோ திங்களிலோ வந்தால் அங்கே கடன் விலகும். 1246-ன் இரண்டாம் பகுதி ஒவ்வொரு நாட்டு ஆயர் பேரவைக்கும், திருப்பீடத்தின் (வத்திக்கானின்) முன் ஒப்புதலோடு, திருநாள்களைக் குறைக்கவோ ஞாயிறுக்கு மாற்றவோ அதிகாரம் தருகிறது. சட்டத்தில் ஞாயிறு தவிர பத்துத் திருநாள்கள் உண்டு. நம் நாட்டில் ஞாயிறு அல்லாமல் கடனாக நிற்பவை கிறிஸ்து பிறப்பும் விண்ணேற்பும்தான். பத்தில் இரண்டுதான் நம் தோளில் இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றைக் கழிக்க அமெரிக்க விதியைக் காட்டுவது சரியில்லை.

அமலி:
சட்டத்தில் மணிக்கூண்டு அண்ணன் சொல்வது சரி. ஆனால் இதை அப்படியே பீடத்திலிருந்து அறிவித்தால் யார் காதில் எப்படி விழும் என்றும் யோசியுங்கள். ஆகஸ்ட் 15 அரசு விடுமுறை. ஆனால் மருத்துவமனைக்கும் ஓட்டலுக்கும் பெட்ரோல் பங்குக்கும் விடுமுறை கிடையாது. 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர் சனி காலை 8-க்கு உள்ளே போனால் இரவு 8-க்குத்தான் வெளியே வருவார். ஞாயிறும் அதே ஷிஃப்ட் என்றால்? 'இரண்டு பூசை, தவறினால் சாவான பாவம்' என்று மட்டும் அவரிடம் சொல்வது பாதி உண்மை. வேண்டுமென்றே தவறுவதைத்தான் கத்தோலிக்க மறைக்கல்வி 2181-ஆம் எண் கனமான பாவம் என்கிறது. நோய், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற தக்க காரணம் இருந்தால் கடன் கட்டுப்படுத்தாது என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. நோயாளியை விட்டுவர முடியாத செவிலியர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை.

மணிக்கூண்டு:
அமலி அக்கா, இதில் எனக்கு மறுப்பு இல்லை. இரண்டு விஷயம் கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். முடியாதவருக்குக் கடன் தானாகவே விலகும். முடியும், ஆனால் சிரமம் என்பவர் 1245-ன்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே விதிவிலக்கு கேட்கலாம். நியாயமான காரணம் இருந்தால் அவர் தரலாம், அல்லது செபமாலை, திருச்சிலுவைப் பாதை என்று வேறொரு பக்தி முயற்சியாக மாற்றிக் கொடுக்கலாம். இது தனித்தனி ஆளுக்குத்தான். 'இந்த வருஷம் நம் பங்குக்கே சனி பூசை கடன் இல்லை' என்று பங்குத்தந்தை பொதுவாக அறிவிக்க முடியாது, அது ஆயரின் அதிகாரம். பூசையைத் தவறவிட்ட பிறகு போய்க் கேட்பது விதிவிலக்கு ஆகாது.

கலங்கரை:
சரி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சனி மாலைப் பூசையில் எந்த வாசகம்? விண்ணேற்பின் லூக்கா 1:39-56, மரியாவின் பாடலா? அல்லது பொதுக்காலம் 20-ஆம் ஞாயிறின் மத்தேயு 15:21-28, கானானியப் பெண்ணா? விண்ணேற்பு வாசகம் என்றால் அது எப்படி ஞாயிறு பூசையாகும்? ஞாயிறு வாசகம் என்றால், 15-ஆம் தேதி முடியும் முன்பே பெருவிழாவை ஏன் முடிக்கிறோம்?

திருத்தூது:
நல்ல கேள்வி. பங்குகளில் குழப்பம் தொடங்குகிற இடமே இதுதான். திருவழிபாட்டு நாள்களின் முதன்மை அட்டவணையில் விண்ணேற்பு பொதுக்கால ஞாயிறைவிட மேலே இருக்கிறது. அதனால் சனி மாலை பெருவிழாவின் செபங்கள், வெள்ளை உடை, லூக்கா 1:39-56. வெள்ளி மாலைக்கு மட்டும் தனித் திருவிழிப்பு (பெருவிழாவுக்கு முந்தின மாலை) வாசகங்கள் உண்டு: 1 குறிப்பேடு 15, 1 கொரிந்தியர் 15:54-57, லூக்கா 11:27-28. இரண்டு மாலைக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிடுவது வழக்கமாக நடக்கிற பிழை. வாசகர் பட்டியல் போடும்போதே பிரித்து எழுதுங்கள்.

வாசகம் எதுவானாலும் கடன் தீரும். 1248 'கத்தோலிக்க வழிபாட்டு முறையில் எங்கு நிறைவேற்றப்படும் திருப்பலியிலும்' என்கிறதே தவிர 'அந்த நாளுக்குரிய வாசகத்தோடு' என்று சொல்லவில்லை. சனி மாலை நடக்கும் திருமணத் திருப்பலியில் முழுதாகப் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் தீரும். தக்கலை, கோவை ராமநாதபுரம் சீரோ மலபார் மறைமாவட்டங்களிலும் மார்த்தாண்டம் சீரோ மலங்கரா மறைமாவட்டத்திலும் காணும் குர்பானாவுக்கும் (கீழை முறைத் திருப்பலி) இதே விதி. யூடியூப் நேரலையில் பார்ப்பது சேராது.

கலங்கரை:
வாசகம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம் என்கிறீர்கள். அப்படியானால் சனி பிற்பகல் 2 மணிப் பூசையும் 'முந்தின மாலை'தானா?

மணிக்கூண்டு:
அது மாலை ஆகாது என்பது என் கருத்து. திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1953-ல் மாலைத் திருப்பலிக்கு அனுமதி தந்தபோது 4 மணிக்கு முன் கூடாது என்றார். இன்றைய சட்டம் மணியைக் குறிப்பிடவில்லை, 'மாலை' என்று மட்டும் சொல்கிறது. நண்பகலிலிருந்தே எண்ணலாம் என்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. 2 மணியை நம் ஊரில் யாரும் மாலை என்று சொல்வதில்லை.

அமலி:
அங்கே நான் மாறுபடுகிறேன். சட்டம் மணி வைக்காத இடத்தில் நாம் மணி வைக்கக் கூடாது. ஐயம் உள்ள சட்டம் கட்டுப்படுத்தாது என்பதும் சட்டம்தான், எண் 14.

இன்னொன்றும் கேட்கிறார்கள். சனி காலையும் மாலையும் வருபவர் இரண்டு முறையும் நற்கருணை வாங்கலாமா? தாராளமாக. 917-ன்படி ஒரே நாளில் இரண்டாம் முறை, திருப்பலிக்குள் வாங்கலாம். மூன்றாம் முறை இல்லை. ஒரு மணி நேர நோன்பு இரண்டுக்கும் உண்டு.

திருத்தூது:
பங்கு மன்றங்கள் இப்போதே பார்க்க வேண்டியது குருவின் கணக்கை. 905-ன்படி கடன் நாளில் ஒரு குரு, மேய்ப்புப்பணித் தேவையும் ஆயரின் அனுமதியும் இருந்தால், அதிகம் மூன்று திருப்பலி. சாதாரண நாளில் இரண்டு. ஒரே குருவும் நான்கு கிளைக் கிராமமும் உள்ள பங்கில் வெள்ளி மாலை இரண்டு, சனி மூன்று, ஞாயிறு மூன்று, ஆக எட்டு. தாய்க்கோவிலையும் சேர்த்து ஐந்து இடத்துக்கு இரண்டு கடன் என்றால் பத்துப் பூசை தேவை. இரண்டு குறைகிறது. எல்லா இடத்திலும் எல்லாம் வைக்கப் பார்த்தால் சனி மாலையே குருவுக்குத் தொண்டை கட்டிவிடும். பக்கத்துப் பக்கத்துக் கிளைகளைச் சேர்த்து ஒரு பூசை வையுங்கள், வேன் ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் முடியாத கிளையில் உபதேசியார் (மறைக்கல்வி கற்பிப்பவர்) இறைவார்த்தை வழிபாடு நடத்தட்டும், 1248-ன் இரண்டாம் பகுதி அதை மிகவும் பரிந்துரைக்கிறது. பூசைக்கு வழியே இல்லாத அந்த மக்கள் மேல் குற்றமில்லை என்பதையும் அறிவிப்பில் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுதந்திர தினக் கொடியேற்றத்தையும் கவனியுங்கள். காலை 7 மணிப் பூசை முடிந்து பள்ளி வளாகத்தில் 8.30-க்குக் கொடி என்று வைத்தால், மறையுரை நீளும்போது பிள்ளைகள் நற்கருணைக்கு முன்பே எழுந்து ஓடுகிறார்கள். பூசையை 6.30-க்கு வையுங்கள்.

கலங்கரை:
இரண்டு கடன், இரண்டு பூசை. ஏற்றுக்கொள்கிறேன். சனி மாலை வாசகத்தில் மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அந்தப் பூசைக்கு வருபவர்களில் பலர் ஞாயிறு கடனுக்காகத்தான் வருவார்கள், கானானியப் பெண்ணின் நற்செய்தியைக் கேட்காமலே போவார்கள்.

திருத்தூது:
அந்த இழப்பு உண்மைதான். மறையுரையில் ஒரு வரி சேர்க்க குருவிடம் கேளுங்கள், அட்டவணையை மாற்றக் கேட்காதீர்கள். 2028-க்கும் இப்போதே குறித்து வையுங்கள். டிசம்பர் 24 ஞாயிறு, 25 திங்கள். 24 இரவு கிறிஸ்து பிறப்புப் பூசை காண்பவர்கள், அன்று காலை திருவருகைக்கால 4-ஆம் ஞாயிறு பூசைக்கோ அதற்கு முந்தின சனி மாலைக்கோ தனியாகப் போக வேண்டும். குடில் வேலையில் அந்த ஞாயிறுதான் விட்டுப்போகும்.