எட்டு மணிக்கு மேல சர்வர் இழுக்குது, அவசரம், யாராவது உதவுங்க

கரிக்கட்டை:
எங்க மைன்கிராஃப்ட் சர்வர் பகல்ல நல்லாத்தான் ஓடுது. ராத்திரி எட்டு மணிக்கு மேல கூட்டம் வந்ததும் இழுக்க ஆரம்பிக்குது. உடைச்ச கட்டை திரும்ப வந்து நிக்குது, கதவு திறக்க மாட்டேங்குது, சில பேர் டைம்டு அவுட் ஆகி வெளிய விழறாங்க. ரேம் 8 ஜிபியை 16 ஆக்கியும் பாத்துட்டேன், அப்படியேதான் இருக்கு. நாளைக்கு ஈவென்ட் அறிவிச்சிருக்கேன், டிஸ்கார்டுல ஏற்கனவே திட்டு வாங்கிட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நள்ளிரவுநரி:
விளையாட்டு ஜாவா பதிப்பா பெட்ராக் பதிப்பா? எந்த வெர்ஷன்? சர்வர் மென்பொருள் அசல் வெனிலாவா, வேகத்துக்காக மாத்தின பேப்பரா? எத்தனை பேர் வர்றாங்க? வீட்டு பிசியா, வாடகை சர்வரா?

திண்ணைப்பூனை:
வீட்டுலதான் ஓட்டறீங்க போல. அப்போ நெட்டுதான். ராத்திரி எட்டு மணின்னா தெரு முழுக்க படம் பாக்கும், அப்லோடு நசுங்கிடும். ரவுட்டரை மாத்துங்க.

நள்ளிரவுநரி:
வீட்டுல ஓட்டறதா அவர் எங்கயும் சொல்லலயே பூனை.

சர்வர்கிழவன்:
லேக்குன்னா உடனே ரேம் வாங்கறது நம்ம ஊர் வியாதி. விக்கறவனுக்குத்தான் லாபம். விளையாட்டு ஒரு செகண்டுக்கு 20 டிக் ஓடணும், அதாவது உலகம் 20 தடவை ஒரு அடி நகரணும். ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். அந்த வேலை ஏறக்குறைய முழுசும் ஒரே த்ரெட்ல, அதாவது ஒரு நேரத்துல ஒரே கோர்ல நடக்குது. 50 தாண்டிச்சுன்னா டிபிஎஸ், அதாவது செகண்டுக்கு ஓடற டிக் எண்ணிக்கை, விழும், நீ 64 ஜிபி போட்டாலும் விழும். டிபிஎஸ் பாக்காம இங்க வந்து உதவி கேக்கறது டெம்பரேச்சர் பாக்காம டாக்டருக்கு போன் போடற மாதிரி. உடைச்ச கட்டை திரும்ப வருதுன்னாலே டிபிஎஸ்தான், இதுல ஆராய்ச்சிக்கு ஒண்ணுமில்ல.

பனங்கொட்டை:
கிழவன் அண்ணை, பாக்கெட் லாஸ், அதாவது நெட்டில டேட்டா தொலையிறது, இருந்தாலும் கட்டை திரும்பி வரும். யாழ்ப்பாணத்தில இருந்து நாங்கள் விளையாடேக்க டிபிஎஸ் 20 எண்டு காட்டும், கட்டை மட்டும் உடையாது. தம்பி முதல் விவரத்தைத் தரட்டும், பிறகு தீர்ப்புச் சொல்லுவம்.

கரிக்கட்டை:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். ஜாவா, பேப்பர் 1.20.4. மும்பைல விபிஎஸ் (பெரிய மெஷின்ல வாடகைக்கு எடுத்த ஒரு பங்கு), 4 கோர். ராத்திரி 35, 40 பேர் இருப்பாங்க. டிபிஎஸ் இப்போ 11. கன்சோல்ல 'கேன்ட் கீப் அப்'னு, ஈடுகொடுக்க முடியலன்னு, வந்துட்டே இருக்கு.

சர்வர்கிழவன்:
👆 சொன்னேனா.

மெழுகுவர்த்தி:
ஜாவாவைத் தொடங்கறப்போ குடுக்கற ஐக்கர் ஃப்ளாக் செட்டிங் போட்டிருக்கீங்களா? எனக்கு அதுலதான் சரியாச்சு. யார் கேட்டாலும் நான் முதல்ல இதைத்தான் சொல்வேன்.

நள்ளிரவுநரி:
அது கார்பேஜ் கலெக்‌ஷனுக்கு. வேண்டாத மெமரியைக் காலி பண்றதுக்கு. அப்பப்போ ஒரு வெட்டு வெட்டி நின்னா உதவும். இவருக்கு தொடர்ந்து 11ல நிக்குது. வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் தெரியும்), சிமுலேஷன் டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் இயங்கும்) எவ்வளவு?

கரிக்கட்டை:
ரெண்டும் 10. நான் தொட்டதே இல்ல.

நள்ளிரவுநரி:
சிமுலேஷனை 5 ஆக்குங்க. 10ன்னா ஒரு ஆளைச் சுத்தி 441 சங்க் (நிலத்துண்டு) உயிரோட இருக்கும், 5ன்னா 121தான். 40 பேர் 40 திசைல நிக்கறப்போ பெருக்கிப் பாருங்க. வியூவை 8ல விடுங்க, ரொம்பக் குறைச்சா மலை தெரியலன்னு அதுக்கும் திட்டுவாங்க. விபிஎஸ்ல டாப்னு கமாண்டு போட்டு எஸ்டின்னு வர்ற எண்ணையும் பாருங்க. அது ராத்திரில ஏறுச்சுன்னா பக்கத்து வாடகைக்காரன் உங்க சிபியூவைத் தின்னுட்டிருக்கான்னு அர்த்தம். அப்புறம் எது நேரத்தைத் தின்னுதுன்னு காட்டற ஸ்பார்க் ப்ரொஃபைலர். 1.21ல இருந்துதான் பேப்பரோடவே வருது, உங்களுக்கு ப்ளகினா போடணும். கூட்டம் இருக்கறப்போ பத்து நிமிஷம் ஓட விட்டு லிங்க்கைப் போடுங்க.

கரிக்கட்டை:
எஸ்டி 0.3தான். சிமுலேஷன் குறைச்சதுல 14 வந்துச்சு. ஸ்பார்க்ல வில்லேஜரும் (ஊர்க்கார வியாபாரி) ஹாப்பரும்தான் (பொருளை இழுத்துக் கடத்தற புனல்) மேல நிக்குது. தேடிப் பாத்தா ரெண்டும் ஒரே இடம், ஒரு விஐபி அண்ணாவோட ஃபார்ம். 200 வில்லேஜர் அடைச்சு வச்சிருக்கார். அதைத் தொட முடியாது. சர்வர் வாடகைல பாதி அவர் காசு.

பனங்கொட்டை:
ஓ. எட்டு மணிக்கு வாறது அவர்தானோ?

கரிக்கட்டை:
ஆமா. வேலை முடிஞ்சு அப்போதான் வருவார்.

சர்வர்கிழவன்:
காசு வாங்கிட்டு விஐபிக்கு என்ன குடுக்கற?

கரிக்கட்டை:
பறக்கலாம், வைர கிட், ஸ்பானர் (உயிரினங்களைத் தானா வரவைக்கற பெட்டி) ஒண்ணு.

சர்வர்கிழவன்:
விளையாட்டுல முன்னுரிமையைக் காசுக்கு விக்கக் கூடாதுன்னு இதை உருவாக்கின மோஜாங் கம்பெனி 2014லயே சொல்லியாச்சு. தொப்பி, பேருக்குக் கலர், செல்லப்பிராணி, இதெல்லாம் விக்கலாம். நீ வித்தது ஸ்பானர்.

திண்ணைப்பூனை:
எல்லா சர்வரும் விக்கறாங்க கிழவரே. வாடகையை நீங்க கட்டுவீங்களா?

சர்வர்கிழவன்:
எல்லாரும் ஹெல்மெட் இல்லாம போனா சட்டம் மாறிடுமா?

மெழுகுவர்த்தி:
நான் விளையாடின சர்வர் இப்படித்தான் காலியாச்சு. கிட் வாங்கினவங்க ஒரே வாரத்துல எல்லாத்தையும் முடிச்சுட்டு போர் அடிக்குதுன்னு போயிட்டாங்க. வாங்காதவங்க அதுக்கு முன்னாடியே போயாச்சு.

திண்ணைப்பூனை:
நன்கொடையிலயே ஓடற சர்வர் ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

பனங்கொட்டை:
எங்கட சர்வர். பதினைஞ்சு பேர், மாசம் முறை வைச்சுக் கட்டுறம். பெருசில்லை, ஆனா ஆரும் ஆருக்கும் முதலாளியில்லை.

திண்ணைப்பூனை:
15 பேருக்கு சரி. 40 பேர்கிட்ட வசூல் பண்ணிப் பாருங்க.

நள்ளிரவுநரி:
சண்டையை வேற இழைல வச்சுக்குங்கப்பா. கரிக்கட்டை, ஃபார்மை இடிக்க வேண்டாம். பேப்பருக்குப் பதிலா அதுல இருந்து வந்த பர்பர் ஜார் ஃபைலைப் போடுங்க, உலகம், ப்ளகின் எல்லாம் அப்படியே ஓடும், ஆனா பேக்கப் எடுத்துட்டு மாத்துங்க. அதுல லோபாடமைஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, நகர முடியாம அடைபட்ட வில்லேஜரோட மூளையை அணைச்சிடும். வியாபாரம் மட்டும் பண்ணுவான், வழி தேட மாட்டான். பெரும்பாலும் அந்த வழி தேடறதுதான் உங்க டிக்கைச் சாப்பிடுது. ஹாப்பர் ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கம்போஸ்டர் (உரத்தொட்டி) வைக்கச் சொல்லுங்க. ஹாப்பரோட மேல் பக்கம் திறந்திருந்தா, அங்க விழுந்த பொருள் இருக்கான்னு தேடிக்கிட்டே இருக்கும். பொருள் விழற இடத்து ஹாப்பரை மட்டும் விட்டுடுங்க.

பனங்கொட்டை:
அந்த அண்ணையோட தனிய கதையுங்கோ தம்பி, பொதுவில வேண்டாம். விதி போடுறதெண்டா எல்லாருக்கும் ஒண்டா போடுங்கோ, ஒரு சங்க்குக்கு இத்தனை வில்லேஜர் எண்டு. அவருக்கு மட்டும் எண்டா கோவிச்சுக்கொண்டு ஆக்களையும் கூட்டிக்கொண்டு போயிடுவார்.

மெழுகுவர்த்தி:
விஐபி பறக்கறதும் பிரச்சனைதான். யாரும் போகாத பக்கமா பறந்தா சர்வர் புதுசு புதுசா நிலம் உருவாக்கணும். வேர்ல்டு பார்டர் போட்டு சங்க்கி ப்ளகினால முன்னாடியே உருவாக்கி வச்சிடுங்க. அக்கவுண்டைச் சரிபாக்கற ஆன்லைன் மோடு ட்ரூதானே?

கரிக்கட்டை:
ஃபால்ஸ். பாதிப் பேர்கிட்ட அக்கவுண்ட் இல்ல.

சர்வர்கிழவன்:
அப்போ உன் பேரை டைப் பண்ணி எவன் உள்ள வந்தாலும் அவன்தான் ஆப், சர்வரோட முழு அதிகாரி. ஆத்மீ மாதிரி பாஸ்வேர்டு கேக்கற ப்ளகின் இருக்கா, அதுவும் இல்லையா? லேக்கு உனக்குக் கடைசிக் கவலையா இருக்கணும்.

மறுநாள்

கரிக்கட்டை:
பர்பர் போட்டாச்சு. அண்ணாகிட்ட பேசினேன், கம்போஸ்டர் அவரே வைக்கறேன்னுட்டார். இப்போ 19.8. ஈவென்ட் ஆரம்பிக்கப் போகுது, ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

மெழுகுவர்த்தி:
ஆத்மீ போட்டீங்களா?

சர்வர்கிழவன்:
19.8ன்னா ஒண்ணும் புரியாது. டிக் 15 மில்லிசெகண்ட் எடுத்தாலும் 20தான் காட்டும், 48 எடுத்தாலும் 20தான். ஈவென்ட் நடக்கறப்போ எம்எஸ்பிடி (ஒரு டிக்குக்கு எத்தனை மில்லிசெகண்ட்) பாத்துப் போடு.