உடம்பில் ஒட்டும் சென்சார்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஓடும்கால்:
டிரெட்மில் சோதனை. மணிக்கட்டில் நாடியை எண்ணும் எங்கள் பட்டை, ஒப்பிட்டுப் பார்க்க நெஞ்சில் இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கும் ஈசிஜி பெல்ட். பெல்ட் நிமிடத்துக்கு 148 துடிப்பு என்கிறது, பட்டை 164-ஐ விட்டு நகரவில்லை. ஓடியவர் சட்டென்று நடைக்கு மாறினார். பட்டையின் எண் கூடவே 110-க்கு விழுந்தது. பெல்ட்டில் இன்னும் 145. எந்த இதயம் அப்படி விழும்? பட்டை தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் பாயும் அலையை வைத்து நாடியை எண்ணும். அதை வைத்து நாங்கள் எண்ணியது அவர் காலடியை! முடுக்கமானியை (அசைவை அளக்கும் சென்சார்) வைத்து அசைவைக் கழிக்கும் வடிகட்டி உள்ளே இருந்தது. நாடியும் காலடியும் அருகருகே வந்ததும் அது தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டது. அந்த எண் பார்க்க எவ்வளவு நம்பும்படி இருந்தது என்பதுதான் உறுத்தல்.

ரேடியோக்காரன்:
நெஞ்சில் ஒட்டும் பேட்ச். மேசையில் வைத்தால் அடுத்த அறை வரை ப்ளூடூத் எட்டும். ஒட்டியிருந்தவர் போனைப் பின்பாக்கெட்டில் போட்டார், திரையில் துடிப்பு தட்டைக் கோடாகிவிட்டது. அறையில் இருந்த டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பேட்ச் போட்டவரோ சிரித்தபடி நிற்கிறார். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு விழுங்கும் என்பது தெரிந்த கதைதான். தரவைப் பேட்ச்சிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்படி பிறகு மாற்றினோம். அதைவிட முக்கியம், சிக்னல் இல்லாத இடத்தைக் கோடு போடாமல் வெறுமையாக விட்டோம்.

தோல்முதலில்:
ஒரு பேட்ச்சை உரித்தபோது ஒட்டுப்பசையின் வடிவம் மூலைகள் உட்பட அப்படியே சிவப்பாகத் தோலில் நின்றது. பசையில் இருந்த அக்ரிலேட் என்ற வேதிப்பொருளால் வந்த ஒவ்வாமை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் @ஓடும்கால், வடிகட்டியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டை தளர்ந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே கட்டுங்கள். ரொம்ப இறுக்கினால் ரத்த ஓட்டமே நசுங்கி அலை மங்கிவிடும், அதையும் பாருங்கள். கருவி கனமாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் அது ஆடும். பேட்டரியைச் சின்னதாக்கி எடையைக் குறைக்கலாம். மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும், அதனால் கருத்த தோலிலும் சோதித்தே ஆக வேண்டும். பச்சை குத்திய இடமா? அங்கே கட்டவே கட்டாதீர்கள். அப்புறம் பேட்ச் செய்பவர்களுக்கு: மூலைகளை வளைத்து வெட்டுங்கள், வியர்வை வெளியேறத் துளை விடுங்கள்.

ஓடும்கால்:
கழற்றிய பிறகும் பட்டையின் தடம் கையில் இருந்தது நண்பரே. தளர்வாம்!

இரவுஅலாரம்:
நான் வடிவமைப்பவள் இல்லை, மாட்டிக்கொள்பவள். கையில் சர்க்கரை சென்சார். நடுராத்திரியில் சர்க்கரை 58, ரொம்பக் குறைவு என்று அலறியது. பதறிப்போய் இனிப்பை வாயில் போடப் போனவள், எதற்கும் என்று விரலில் குத்தி ரத்தத்தில் பார்த்தேன்: 104, சரியாகத்தான் இருந்தது. சென்சார் இருந்த கையின் மேலேயே படுத்திருக்கிறேன். அழுத்தத்தில் அந்த இடத்துத் திசுநீரில் சர்க்கரை குறைந்து தெரியுமாம். நான் எப்படிப் படுத்திருக்கிறேன் என்று அந்தக் கருவிக்குத் தெரியாதா? @தோல்முதலில், வயிற்றில் ஒட்டச் சொல்லிவிடாதீர்கள். நான் குப்புறவும் படுப்பேன்.