பொருள்: கழிமுகத்து நீரடி ஒலிகளுக்கு ஒரு சொல் வேண்டும்

க.வ.:
அன்பர்களே, கழிமுகப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கொடுக்கு இறால் கொடுக்கைப் படாரென மூடும்போது குமிழி உடைந்து எழும் சடசடப்பு, கத்தாழை மீன் காற்றுப்பையை அதிரவைத்து எழுப்பும் உறுமல், ஓதம் ஏறி இறங்கும் ஓசை, படகு எஞ்சின் எல்லாம் சேர்ந்ததுதான் 'சவுண்ட்ஸ்கேப்'. முந்தைய பதிப்பில் 'ஒலி நிலக்காட்சி' என்றிருக்கிறது. வாயில் நுழையவில்லை.

பு.சி.:
காட்சி கண்ணுக்கல்லவா? ஒலி என்னும் பொருளில் 'ஓதை' இருக்கக் கவலை ஏன்? "உழவர் ஓதை மதகோதை உடைநீர் ஓதை தண்பதங்கொள் விழவர் ஓதை" என்று சிலப்பதிகாரத்தின் கானல்வரி காவிரியின் இயற்கை ஒலியையும் மனித ஒலியையும் ஒரே மூச்சில் அடுக்கிவிட்டது. 'ஓதைப்புலம்' எனலாம். ஓது, ஓதை, ஓதம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. ஓலம், ஓசையையும் சேர்த்துப் பார்த்தால்...

இரா.:
ஐயா, என் வகுப்பில் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம். 'ஒலிச்சூழல்' போதும்.

த.:
மட்டக்களப்பில நிலாக் காலத்தில கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற முனையில காதை வைச்சுத்தான் மீன்பாட்டுக் கேக்கிறது. பாடுறது மீனா, ஊரி எண்ட நத்தையா எண்டு இன்னும் சண்டை. எஞ்சின் போட் ஒண்டு போனா ஒண்டும் கேளாது. அந்தச் சத்தத்துக்கு என்ன பேர்?

க.வ.:
'மனித இரைச்சல்' என்று போட்டிருக்கிறேன்.

பு.சி.:
கடலே இரைகிறது, மழையும் இரைகிறது. இரைச்சலை மனிதனுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுப்பதா? 'மாசொலி' என்க.

இரா.:
மாசொலியா, 'மா சொலி'யா? பையன்கள் பிரித்துப் படித்துச் சிரிப்பார்கள். பெயரைவிட விளைவு முக்கியம். இனப்பெருக்கக் காலத்தில் கத்தாழை ஆண் மீன் துணையை அழைப்பது தாழ்ந்த அதிர்வெண்ணில். எஞ்சின் சத்தமும் பெரும்பாலும் அங்கேதான். வட கரோலினாவின் பாம்லிகோ கழிமுகத்தை வைத்து 2013இல் வந்த ஆய்வில், சிப்பித்திட்டின் ஒலியைக் கேட்ட சிப்பி இளவுயிரிகள் கூடுதலாகத் தங்கின. எஞ்சின் சத்தத்தில் மீன்களின் பேச்சு மட்டுமல்ல, இளவுயிரிகள் இடம் தேடும் வழியும் அடைபடும். இதைப் பாடத்தில் சேருங்கள்.

க.வ.:
சேர்த்தாயிற்று. ஒலிச்சூழலுக்கு நால்வர், ஓதைப்புலத்துக்கு ஒருவர். 'மனித இரைச்சல்' இப்போதைக்கு இருக்கட்டும். கோப்பை அனுப்பிவிட்டேன்.

பு.சி.:
ஒலிப்பதிவுக் கூடத்தையும் ஒலிச்சூழல் என்பார்கள், பாருங்கள். என் மறுப்பு நிற்கிறது. 'ஓலம்' பற்றித் தனி மடல் வரும்.