தேடலில் முன்னுக்கு வர இயந்திரக் கட்டுரைகளைக் குவிப்பது முறையா?

கேள்வி:
வீட்டு வைத்தியம் பற்றிய ஓர் இணையதளத்துக்குக் கட்டுரைகளைச் சரிபார்த்துத் தருகிறேன். மென்பொருள் எழுதித் தள்ளுவதில் நாளொன்றுக்கு ஐம்பதைப் பார்க்க வேண்டும் என்பதால், தலைப்பையும் தேடுசொற்களையும் தவிர வேறெதையும் கவனிக்க நேரமில்லை. சென்ற வாரம் ஒன்றில், ஆறு மாதக் குழந்தையின் இருமலுக்குத் தேன் கொடுக்கலாம் என்றிருந்தது. தற்செயலாகக் கண்ணில் பட்டதால் நீக்கினேன். இந்த வேலையைத் தொடரலாமா?

பதில் 1:
ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். நள்ளிரவில் இருமும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் தேடும் தாய்க்கு, முதலில் வரும் பக்கத்தை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை என்பது எப்படித் தெரியும்? நீங்கள் நீக்கியதைவிட, உங்கள் கண்ணில் படாமல் போனவையே எனக்குக் கவலையளிக்கின்றன.

பதில் 2:
இயந்திரம் எழுதியது என்பதாலேயே அது தவறாகிவிடாது. கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்த விதியும், எழுதியது மனிதரா இயந்திரமா என்று பாராமல், தரவரிசைக்காகவே பயனற்ற பக்கங்களைக் குவிப்பதைத்தான் தடுக்கிறது. தரமற்ற தளங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ள, பாண்டா என்னும் மாற்றத்தை 2011இல் கூகுள் கொண்டுவந்தபோது அடிபட்டவற்றில், குறைந்த கூலிக்கு மனிதர்களே அவசரமாக எழுதிக் குவித்த தளங்களும் இருந்தன. படிப்பவரை நினைத்து எழுதப்பட்டதா என்பதே என் அளவுகோல்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மருத்துவர் படிக்காமல் எதையும் வெளியிடக் கூடாது என்று நிர்வாகத்துக்கு இன்று எழுதிவிட்டேன். ஏற்கெனவே வெளியான குழந்தை நலப் பக்கங்களை முதலில் நீக்கும்படியும், அதுவரை புதியவற்றைப் பார்க்க மாட்டேன் என்றும் தெரிவித்திருக்கிறேன்.