எலும்புப்புரை ஆய்வு: ஒப்புதல் படிவத்தில் ஒரு சந்தேகம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய், ஆஸ்டியோபோரோசிஸ்) பற்றி எவ்வளவு தெரியும் என்பதுதான் ஆய்வு. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. ஆனால் இடுப்போ மணிக்கட்டோ முறிந்த பிறகுதான் பலருக்கு அந்தப் பெயரே காதில் விழுகிறது. கேள்வித்தாளுக்கு, எலும்புப்புரை பற்றிய அறிவை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட 'ஓகேட்' (OKAT) எடுத்திருக்கிறேன்.

சிக்கல் ஒப்புதல் படிவத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை. வீடு வீடாகப் போகும்போது மத்தியான வேளையில் யாரைப் பிடிப்பது? மருமகள் நிற்கலாமா? "நர்ஸம்மா இவ்வளவு கேக்குறாங்க, வைங்க அத்தை" என்று அவரே சொல்லிவிட்டால் அது சம்மதமா, கட்டாயமா? (எனக்குக் கட்டாயமாகத்தான் படுகிறது.) ஊரில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளரைக் கூட்டிப்போனாலும் அதே கதைதான், அவர் பேச்சை ஊரில் தட்ட மாட்டார்கள்.

களத்தில் வேலை செய்த அக்கா, அண்ணன்மார் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? எதிக்ஸ் கமிட்டி என்ன கேட்டது? 'ஓகேட்'டைத் தமிழில் பயன்படுத்தியவர்கள் இருந்தால், அனுமதி வாங்கிய விதத்தையும் சொல்லுங்கள். அடுத்த மாதம் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும்.